வன்னியில் எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவது?

குளக்கட்டு, கிளிநொச்சி
14 ஜூலை 2024, காலை 6.50

என் மகன் இரத்மலானையில் செஸ்னா 152 விமானத்தில் தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் பயிற்சி பெறுகிறான். அவன் பறக்கும் நாட்களில் அவனுடைய தாய் நித்திரை கொள்வதில்லை. நான் அவளுக்குச் சொல்லும் ஆறுதல் இதுதான்: வன்னி முழுவதும் சமதரை, திரும்பிய பக்கமெல்லாம் வயல், குளம், நேரான வீதி, எஞ்சின் நின்றாலும் எங்கேயாவது இறக்கிவிடலாம், மலைநாட்டின் மேல் பறப்பவர்களுக்குத்தான் ஆபத்து. இதில் பிழை இருந்தால் அறிந்தவர்கள் எழுதவும்.

கச்சான்காற்று, நெடுங்கேணி
14 ஜூலை, இரவு 8.15

பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கொல்வது.

நான் ஒன்ராறியோவில் இருந்தபோது பதினொரு ஆண்டுகள் வாடகை விமானங்களில் ஞாயிறுதோறும் பறந்தவன். இப்போது நெடுங்கேணியில் வயல் செய்கிறேன். சென்ற ஆண்டு மருமகனுடன் இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பக்கத்து இருக்கையில் போனபோது, மதவாச்சியைத் தாண்டியதிலிருந்து என் வேலை ஒன்றே ஒன்றாக இருந்தது: இப்போது எஞ்சின் நின்றால் எங்கே போவது என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருப்பது.

முதலில் கணக்கு. செஸ்னா 152 எஞ்சின் இல்லாமல் 60 நொட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் சறுக்கினால், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் போகும். 3,000 அடியில் எஞ்சின் நின்றால் காற்றில்லாத நாளில் எட்டுக் கிலோமீற்றரும் நான்கரை நிமிடமும் கையில் இருக்கும். கேட்கும்போது இது தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்துக்குள் வேகத்தை 60இல் நிறுத்த வேண்டும். இடத்தைத் தெரிய வேண்டும். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் சூடான காற்றை விடும் பிடியை (காபரேற்றர் சூடு) இழுக்க வேண்டும். எரிபொருள் வால்வையும், எரிபொருள் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்ச்சர் பிடியையும், தீப்பொறி தரும் மக்னீற்றோவையும் பார்க்க வேண்டும். ரேடியோவில் மேடே என்ற அபாய அழைப்பைச் சொல்ல வேண்டும். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பொண்டரில் அவசரக் குறியீடான 7700 போட வேண்டும். தரை தொடுமுன் கதவைத் திறந்து விட வேண்டும். இந்த வரிசையில் முதலாவது எப்போதும் வேகம்தான். ரேடியோவில் அழகாகப் பேசியபடியே வேகத்தை இழந்து விழுந்தவர்கள் உண்டு.

இந்த மாதத்தில் சோளகம் வீசுவதால் மூக்கைத் தென்மேற்காக வைத்து இறக்க வேண்டும். காற்று 45 பாகையில் வந்தால் அதன் பாதி குறுக்குக் காற்றாக வரும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நல்ல வயல் அகப்படாவிட்டால் ஏ9 வீதி இருக்கிறது.

16 ஜூலை

ஏ9 வீதியைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை பஸ்ஸில் போனபோது, வீதிக்குக் குறுக்கே போகும் மின்கம்பிகளையும் தொலைபேசிக் கம்பிகளையும் எண்ணத் தொடங்கினேன். புளியங்குளத்துக்கு முன்பே எண்ணுவதை விட்டுவிட்டேன். மேலிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். ஆகவே கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு பக்கமும் கம்பம் நின்றால் நடுவில் கம்பி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், எதிரே வரும் யாழ்ப்பாண பஸ் உங்களுக்காகப் பிரேக் போடாது. அது எனக்காகவே போடவில்லை.

17 ஜூலை

கணித ஆசிரியர் ஒருவர் என் காதைத் திருகியிருக்கிறார். 45 பாகையில் வரும் காற்றில் பாதியல்ல, பத்தில் ஏழு பங்கு குறுக்காக வரும். பாதி வருவது 30 பாகையில். 20 நொட் காற்று 45 பாகையில் வந்தால் குறுக்குக் காற்று 14 நொட். அது பயிற்சியில் இருப்பவருக்கு விளையாட்டல்ல. ஏற்றுக்கொள்கிறேன், ஐயா.

21 ஜூலை

வயலைப் பற்றி வாயால் எழுதிக்கொண்டிராமல், இன்று காலை அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சின்னையாவின் வயலுக்குப் போனேன். மானாவாரி வயல்; மாரி அறுவடைக்குப் பிறகு சும்மா கிடக்கிறது; ஒட்டு வைக்கோலும் வெடித்த மண்ணும் மட்டுமே. 3,000 அடியிலிருந்து பார்த்தால் பாய் விரித்ததுபோல் தெரியும் நிலம் இதுதான்.

வரம்பின் உயரம் ஒன்றேகால் அடி. மேல் அகலம் ஒரு முழத்துக்குக் குறைவு. மண் காய்ந்து செங்கல்லாகியிருக்கிறது. குதிக்காலால் உதைத்தேன், குதிக்கால்தான் நொந்தது. வயற்துண்டுகளின் நீளம் 22 மீற்றரிலிருந்து 34 மீற்றர் வரை. செஸ்னா 152 தரை தொட்ட பின், கடல் மட்டத்தில், சாதாரண வெப்பநிலையில், தாரிட்ட ஓடுபாதையில் ஓடி நிற்க எடுக்கும் தூரம் 475 அடி என்று அதன் கைநூல் சொல்கிறது. அதாவது 145 மீற்றர். ஆகவே நான்கைந்து வரம்புகளை முட்டாமல் நிற்க முடியாது. மூக்குச் சில்லின் விட்டமோ ஏறத்தாழ 14 அங்குலம். சில்லின் முழு உயரத்துக்கும் சமமான ஒரு மண்சுவரை அது முட்டும். மூக்குக் கால் முறியும். விமானம் குப்புறக் கவிழவும் கூடும்.

அப்படியென்றால் வயலில் இறக்கக் கூடாதா? இறக்கலாம்; வேறு வழியும் இல்லை. ஆனால் அதை ஓடுபாதையாக நினைக்காமல், விமானத்தை உடைத்து ஆளைக் காப்பாற்றும் இடமாக நினைத்து இறக்க வேண்டும். மோதும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது; 15 நொட் எதிர்காற்றை எடுத்து, தரையில் 60க்குப் பதிலாக 45 நொட்டில் தொட்டால், விமானத்தில் மிஞ்சியிருக்கும் சக்தி கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஆகவே வயலின் நீளத்தைவிடக் காற்றின் திசை முக்கியம். தொட்ட பிறகு கட்டுப்பாட்டுத் தண்டை வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்து, மூக்குச் சில்லைக் கடைசி வரை மேலே வைத்திருக்க வேண்டும். முதல் வரம்பைப் பின்சில்லுகள் வாங்கட்டும்.

நான் நாடாவோடு வரம்பு வரம்பாகக் குனிவதைப் பார்த்த சின்னையா கேட்டார், நான் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னது: “இறக்கிறதெண்டால் அங்காலை கந்தையற்றை வயலிலை இறக்கு. இந்த வரம்பு போன புரட்டாசியிலைதான் கட்டினது.”

22 ஜூலை

குளத்தின் அலைகரையில் இறக்கலாமே, வரம்பே இல்லையே என்று மாங்குளத்து வாசகர் கேட்கிறார். நல்ல கேள்வி, நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். போன ஆவணியில், தண்ணீர் வற்றிய அலைகரை வழியே குறுக்காகப் போனால் அரைமணி நேரம் மிச்சம் என்று மோட்டார் சைக்கிளை விட்டேன். மேலே ஓடுபோலக் காய்ந்த பொருக்கு, கீழே களி. பின்சில்லு அச்சுவரை புதைந்து, மாடு மேய்த்த பையன்கள் இருவர் வந்து தூக்கிவிட்டார்கள். 120 கிலோ மோட்டார் சைக்கிளுக்கே அது நடந்தால் 750 கிலோ விமானத்துக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாடு நிற்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாடு போகாத ஒரு பட்டை இருந்தால், அது ஏன் போகவில்லை என்று மாட்டிடம் கேட்க வேண்டும்.

மாடு மேயும் தரவை நல்லது. மாடு விலகினால் இன்னும் நல்லது.

28 ஜூலை

எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதை யாருமே கேட்கவில்லை. இறக்கும் இடத்தைப் பற்றி இரண்டு கிழமையாக எழுதிய எனக்கும் அது தோன்றவில்லை. எஞ்சின் உடைந்து நிற்பதைவிட, விமானியே அதைப் பட்டினி போட்டு நிறுத்துவதுதான் அதிகம்: எரிபொருள் தீர்ந்துவிடும், அல்லது தண்ணீர் கலந்துவிடும், அல்லது காபரேற்றருக்குள் பனிக்கட்டி கட்டிவிடும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வன்னியில் சிரிப்பார்கள். 35 பாகை வெயிலில் பனிக்கட்டியா? பெற்றோல் ஆவியாகும்போதும் காற்று ஒடுங்கிய குழாய் வழியே போகும்போதும் காபரேற்றருக்குள் வெப்பநிலை 30 பாகைக்கும் மேலாகக் குறையக்கூடும். வெளியே 38 பாகையாக இருந்தாலும், ஈரப்பதன் 50 வீதமே இருந்தாலும் பனி கட்டலாம் என்று அமெரிக்க விமானிகளின் கைநூல் எழுதுகிறது. மாரி தொடங்கும் ஐப்பசியில் வன்னியின் காற்று அதற்குப் பொருத்தமான காற்று. செஸ்னா 152 காபரேற்றர் எஞ்சின். ஆகவே இது உங்கள் மகனின் விடயம்.

என் கதை இது. ஒன்ராறியோவில் ஒரு ஆனி மாதம், புழுக்கமான மாலை, ஏரிக்கு மேலாக எஞ்சினைக் குறைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். எஞ்சினின் சுற்று மெல்ல மெல்லக் குறைந்தது; நான் த்ரொட்டிலைச் சற்று முன்னே தள்ளிச் சரிசெய்தேன். மறுபடி குறைந்தது, மறுபடி தள்ளினேன். மூன்றாம் முறைதான் காபரேற்றர் சூடு நினைவுக்கு வந்தது. இழுத்தேன். எஞ்சின் இருமியது, குலுங்கியது, முன்பைவிட மோசமாக ஓடியது. நான் பயந்து அந்தப் பிடியை உள்ளே தள்ளிவிட்டேன்! பனி உருகிய தண்ணீரை எஞ்சின் விழுங்கும்போது அப்படித்தான் இருமும் என்று படித்துச் சித்தியடைந்தவன் நான். கீழே ஏரி. ஏழெட்டு விநாடி கழித்து மறுபடி முழுதாக இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே வைத்திருந்தேன். குலுக்கம் நின்று சுற்று தானாகவே ஏறியது. தரையில் இறங்கி விமானத்தைக் கட்டும்போது கை நடுங்கி முடிச்சு விழவில்லை.

பாடத்தில் இருப்பது: சந்தேகம் வந்தவுடன் முழுதாக இழு, பாதியில் விடாதே, மோசமாக ஓடினாலும் காத்திரு.

29 ஜூலை

தண்ணீரைப் பற்றி நேற்று ஒரு சொல்லோடு விட்டுவிட்டேன். எரிபொருள் தாங்கி பாதி வெறுமையாக இரவு நின்றால் உள்ளே ஈரம் படிந்து அடியில் சேரும். காலையில் வடித்துப் பார்க்கும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கீழே குமிழாக நிற்கும். ஆனால் குவளை முழுவதுமே தண்ணீராக இருந்தால் பிரிவுக்கோடு தெரியாது. சுத்தமான எரிபொருள் என்று ஏமாந்துவிடுவோம். 100 எல்எல் விமானப் பெற்றோல் இளநீலம். வெள்ளைத் தாளை அல்லது சட்டையைப் பின்னால் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

4 ஓகஸ்ட்

வெயில். சூடேறிய காற்று, மலைக்காற்றைப் போலவே மெலிந்துவிடும். வவுனியா விமானத் தளம் விமானப்படையுடையது, நமக்குரியதல்ல. உயரத்துக்கு உதாரணமாக மட்டும் எடுக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி. அந்த உயரத்துக்குரிய நியம வெப்பநிலை 14 பாகை சொச்சம். பிற்பகலில் 36 பாகை. வித்தியாசத்தை 120ஆல் பெருக்கி உயரத்தோடு கூட்டினால் 2,900 அடி வருகிறது. அதாவது, விமானத்தின் இறக்கையும் எஞ்சினும் புரொப்பெல்லரும் அன்று பிற்பகல் தாங்கள் 2,900 அடி மலையில் நிற்பதாகவே நினைக்கின்றன. ஓடும் தூரம் கூடும். ஏறும் வேகம் குறையும். வேகமானி மட்டும் வழமையான எண்ணையே காட்டும். சமதரையில் ஆபத்தில்லை என்ற குளக்கட்டு அவர்களின் வாதத்துக்கு இதுவே என் நேரடியான பதில்: வெயில் ஏறினால் வன்னியும் மலைநாடுதான்.

காலை 6.30க்குப் புறப்பட்டு 9.30க்குள் இறங்கிவிடும் பழக்கம் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். சித்திரையில் பிற்பகல் இடிமுகில்களிலிருந்தும் அது காப்பாற்றும்.

11 ஓகஸ்ட்

புறப்பட்டவுடனேயே, 400 அடியில் நின்றால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கிறார். திரும்பாதீர்கள். ஓடுபாதைக்குத் திரும்புவது 180 பாகையல்ல. நேராக வந்து சேர அதைவிட அதிகம் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கமும் திருப்ப வேண்டும். சரித்துத் திருப்பும்போது விமானம் ஸ்டோல் ஆகும் (இறக்கை தூக்குவதை விட்டு விமானம் விழத் தொடங்கும்) வேகமும் கூடுகிறது: 45 பாகைச் சரிவில் 19 வீதம், 60 பாகையில் 41 வீதம். தரை நெருங்குவதைக் கண்டு தண்டை இழுப்பது மனித இயல்பு. மூக்கைத் தாழ்த்தி, முன்னால் இருப்பதில் நல்லதைத் தெரிந்து இறக்குங்கள். சற்று இடம் வலம் போகலாம், அவ்வளவுதான். ஓட்டத்தைத் தொடங்குமுன்பே “இந்த உயரத்துக்குக் கீழே நின்றால் நேரே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் புறப்படுவது நல்லது. நான் தனியே பறக்கும்போதும் சொல்வேன். வாடகைக்கு விமானம் தந்தவர் ஒருநாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

18 ஓகஸ்ட்

இதை எழுதலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

வன்னியில் மேலிருந்து பார்க்கும்போது, சுற்றிலும் வயலும் வீடும் இருக்க, நடுவில் ஒரு வெளி மட்டும் யாரும் உழாமல், பற்றை படர்ந்து, வரம்பும் இல்லாமல் அழகாகக் கிடந்தால், அங்கே இறக்க ஆசை வரும். 21ஆம் திகதிக் குறிப்பைப் படித்தவருக்கு வரம்பில்லாத நிலம் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் நம்முடைய ஆட்கள் தண்ணீர் கிடைக்கும் நிலத்தைக் காரணமின்றிச் சும்மா விடமாட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை 3,000 அடிக்குத் தெரியாது. உழுத நிலம், மாடு நிற்கும் நிலம், சில்லுத்தடம் தெரியும் நிலம் ஆகியவற்றையே தெரியுங்கள். தவறி வேறெங்கும் இறங்க நேர்ந்தால், எரியும் அபாயம் இல்லையென்றால் விமானத்தோடு நின்று ஆட்களைக் கூப்பிடுங்கள். நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் சில்லுகள் பதித்த தடத்தின் மேலேயே நடந்து திரும்புங்கள். ஒன்ராறியோவில் எந்தப் பயிற்றுநரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

இதனோடு இன்னொன்று. சிறு விமானத்தின் சத்தம் கேட்டால் என் பெரியம்மா இன்றும் பேச்சை நிறுத்திவிடுவார். போரின்போது “வண்டு” என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் சுற்றிய காலத்துப் பழக்கம். கையிலுள்ள வேலை அப்படியே நிற்கும். சத்தம் தேய்ந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். ஆகவே இறக்கும் இடத்தைப் பழகுவதற்காக எஞ்சினைக் குறைத்து ஊர்களுக்கு மேலே தாழ்ந்து பறக்க வேண்டாம் என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். விதி எத்தனை அடி அனுமதித்தாலும், இங்கே அதற்கு மேலும் ஓராயிரம் அடி சேர்த்துக்கொள்ளட்டும்.

1 செப்டெம்பர்

எடை பற்றிய சிறு குறிப்பு. செஸ்னா 152இன் உச்ச எடை 757 கிலோ. வெற்று எடை அந்தந்த விமானத்தின் ஏட்டில் இருக்கும்; 520 என்று வையுங்கள். பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 93 லீற்றர், லீற்றருக்கு 0.72 கிலோவாக 67 கிலோ. 85 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் 757 ஆகிவிட்டது. தாய் கட்டிக் கொடுக்கும் புட்டுப் பார்சலுக்கு இடமில்லை. ஒன்றில் பெற்றோலைக் குறைக்க வேண்டும், அல்லது பயிற்றுநரைக் குறைக்க வேண்டும்.

8 செப்டெம்பர்

சிறுபோக அறுவடை நடக்கிறது. அறுவடை இயந்திரத்தின் பின்னால் கொக்குகளும், அவற்றுக்கு மேலே பருந்துகளும் சுற்றுகின்றன. பருந்து எதிர்ப்பட்டால் மேலேறித் தப்புங்கள். பறவைகள் பெரும்பாலும் கீழ்நோக்கியே பாயும். கட்டுக்கரைக் குளம், வங்காலை, கொக்கிளாய்ப் பக்கங்களில் மாரியில் வரும் கூட்டங்களுக்கு இந்தத் தந்திரம் போதாது. அங்கே தாழ்ந்து போகாமல் இருப்பதே வழி. வைக்கோல் எரியும் புகையைச் சபிக்காதீர்கள்: எஞ்சின் நின்றவனுக்குக் காற்றின் திசையை அது இலவசமாகக் காட்டுகிறது.

27 ஒக்டோபர்

முகில் தாழ்ந்துவிட்டது. குளக்கட்டு அவர்கள் தொலைபேசியில் கேட்டதற்குப் பதில்: ஆம், என் கணக்கில் எஞ்சினைவிட முகில்தான் பெரிய எதிரி. 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத இருபது பேரைச் செயற்கையாக வெளியே பார்க்க முடியாத நிலைக்குள் விட்டபோது, இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. எஞ்சின் நின்றால் நான்கரை நிமிடம் என்று முதற் குறிப்பில் எழுதினேன் அல்லவா, எஞ்சின் ஓடும் விமானம் முகிலுக்குள் போனால் அதைவிடக் குறைவு.

முகில் முன்னால் தாழ்ந்து வரும்போது “இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்” என்று தோன்றும். அந்த ஐந்து நிமிடத்தை நானும் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் வெளியே வந்தது என் திறமையால் அல்ல. தை, மாசி விடியற்காலையில் குளங்களின் மேல் படியும் மூடுபனியும் இதே கூட்டம்தான். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) இடைவெளி இரண்டு மூன்று பாகைக்குள் வந்துவிட்டால் தேநீர் குடித்துக்கொண்டு தரையில் இருங்கள். காலை 6.30 என்று ஓகஸ்டில் எழுதியது வெயில் காலத்துக்கு. மூடுபனிக் காலத்தில் 8.30.

24 நவம்பர்

உங்கள் மகன் என் 21 ஜூலைக் குறிப்பைப் படித்துவிட்டுச் சின்னையாவின் வயலைத் தன் படத்தில் பச்சையால் குறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அழிக்கச் சொல்லுங்கள். இன்று காலை போய்ப் பார்த்தேன். வயல் முழுவதும் தண்ணீர். பயிர் முழங்காலுக்குக் கீழே. கால் வைத்தால் கணுக்காலுக்கு மேல் இறங்குகிறது. புரட்டாசியில் சின்னையா வரம்பையும் உயர்த்திவிட்டார்: நாடா இப்போது ஒன்றேமுக்கால் அடி காட்டுகிறது. கந்தையர் வயலும் அப்படியே. மேற்கே உள்ள தரவையில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை, மாடுகள் நிற்கின்றன. மாசியில் அறுவடை முடிந்ததும் மறுபடி அளந்து எழுதுகிறேன்.